தெரிந்தே ஏமாறுதல்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போனால், அங்குள்ள ரிஷபகுஞ்சரச் சிற்பத்தின் முன்னால் யாராவது ஒருவர் நம்மை நிறுத்தி, "ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள்" என்று சொல்லாமல் விடமாட்டார். இந்தப் பக்கம் மறைத்தால் யானை, அந்தப் பக்கம் மறைத்தால் காளை. இரண்டு உடல்களுக்கும் தலை ஒன்றுதான். இரண்டாம் இராசராசன் காலத்துச் சிற்பி செய்த குறும்பு. இதுவரை நான்கு முறை போயிருக்கிறேன். நான்கு முறையும் கையை வைத்து மறைத்தேன்.

"சூட்சுமம் தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடும்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பௌர்ணமியன்று மொட்டைமாடியில் நின்று பாருங்கள். கீழ்வானில் தாம்பாளம் போல எழும் நிலவு, உச்சிக்கு வந்ததும் கிண்ணமாகிவிடுகிறது. உண்மையில் நம் கண்ணுக்கு அது இரண்டு நேரத்திலும் ஏறக்குறைய அரை டிகிரி அகலம்தான். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் நுனிக்குள் அடங்கிவிடும். ஏன் பெரிதாகத் தெரிகிறது என்பதில் ஆய்வாளர்களுக்கே ஒருமித்த கருத்தில்லை. விரலால் அளந்து, ஒரே அளவுதான் என்று உறுதி செய்துகொண்டு, விரலை எடுத்த மறுநொடியே நிலவு மீண்டும் தாம்பாளமாகிவிடுகிறது.

கண்ணைப் போலவே காதும் ஏமாறும் என்பதை எனக்குக் காட்டியது, 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாகுக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்தத் தொகுப்பில், 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற பகுதியில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் மூச்சுவிடாமல் ஓடும். அது பாக் ஒற்றை வயலினுக்கென்று எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டா என்ற பல பகுதிகள் கொண்ட இசைக்கோவையின் முதல் பகுதி. அதன் கையெழுத்துப் பிரதியில் 1720 என்ற ஆண்டு இருக்கிறது. பின்னணியில் மற்ற தந்திக் கருவிகளைச் சேர்த்தது ராஜா. முன்னால் ஓடுவது இரண்டு வயலின்கள் என்றே நான் பல காலம் நினைத்திருந்தேன். வயலின் கற்ற நண்பர்தான் விளக்கினார்: ஒரே சுரத்தைத் திறந்த தந்தியிலும், பக்கத்துத் தந்தியில் விரல் வைத்தும் மாறிமாறி வில்லை ஓட்டும்போது, நிறம் மாறும் அந்த ஒலியைக் காது இரண்டு குரல்களாகப் பிரித்துக்கொள்கிறதாம். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்து மறுபடியும் கேட்டேன். அப்போதும் இரண்டு வயலின்கள்தாம். (கேசட் தேய்ந்து கரகரத்த நாள்களில் மூன்று கூடக் கேட்டது, அது வேறு கதை.)

நேற்று இரவு என் மகளுக்கு அதைப் போட்டுக் காட்டி, முன்னால் வாசிப்பவர் ஒருவர்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டவள், "இல்லப்பா, ரெண்டு பேர்தான்" என்றாள்.