ஒரே மாதத்தில் மூன்று முறை கட்சி மாறியவன்

"உங்க டீம்தான் தோத்தாச்சே, அப்புறம் எவனோ ஜெயிக்கிறதுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஏன் கத்துறீங்க?" என்று கேட்டாள் மனைவி. பேஸ்பால் பிளே ஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும், தோற்றவர் வெளியேறும் சுற்றுகள்) பார்க்காத யாருக்கும் நியாயமான கேள்விதான்.

பாஸ்டனுக்குக் குடிவந்த நாளிலிருந்து நான் அந்த ஊர் அணியான ரெட் சாக்ஸின் ரசிகன். 2025 அக்டோபர் 2 ராத்திரி, எங்கள் பரம வைரியான நியூயார்க் யாங்கீஸின் மைதானத்தில் 4-0 என்று எங்கள் கதை முடிந்தது. மூன்று ஆட்டத் தொடரில் முதல் ஆட்டத்தை ஜெயித்துவிட்டு, அடுத்த இரண்டையும் கோட்டை விட்டோம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எட்டு இன்னிங்ஸில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த (பந்து வீசியே அவுட்டாக்கிய) யாங்கீஸ் பிட்சர் கேம் ஷ்லிட்லர் இருக்கிறானே, அவன் பாஸ்டனுக்குப் பக்கத்து வால்போல் ஊர்ப் பையன்! ரெட் சாக்ஸ் குடும்பத்தில் வளர்ந்தவன். வயிறு எரியாதா?

மறுநாள் காலை நான் டொரன்டோ ப்ளூ ஜேஸ் ரசிகன். அடுத்த சுற்றில் யாங்கீஸை எதிர்க்கப் போகிறவர்கள் அவர்கள்தான், வேறு காரணம் எதுவும் வேண்டாம். டொரன்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பனுக்கு வாழ்த்து அனுப்பினேன். "என்ன மச்சான், இப்ப எங்கட பக்கமோ?" என்று சிரித்தான். முதல் ஆட்டம் 10-1, இரண்டாவது 13-7. தொடர் 3-1 என்று முடிந்து யாங்கீஸ் மூட்டை கட்டிய அன்று என் வீட்டில் பாயசம் வைக்காததுதான் குறை.

இதைக் கட்சித் தாவல் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கைதட்டும் ஆள்தான் மாறுகிறது, பகை இருந்த இடத்திலேயே இருக்கிறது. யாங்கீஸ் களத்தில் இருக்கும்வரை யார் பக்கம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அவர்கள் போன பிறகுதான் எனக்குத் திண்டாட்டம்.

அடுத்து, உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டிக்குப் போவது யார் என்ற சுற்றில், டொரன்டோவும் சியாட்டில் மரைனர்ஸும். இரண்டும் 1977-இல் ஒன்றாகப் பிறந்த அணிகள். டொரன்டோ 1992, 1993 என்று இரண்டு கோப்பை வாங்கிவிட்டது. சியாட்டில் உலகத் தொடரின் வாசலையே மிதித்ததில்லை, இன்றைக்கு அப்படி மிச்சமிருக்கும் ஒரே அணி அதுதான். இரண்டு முறை சாப்பிட்டு எழுந்தவனுக்கு மறுபடியும் இலை போடுவதா, பந்தியில் இடமே கிடைக்காமல் நிற்பவனைக் கூப்பிடுவதா? 2004 வரை கோப்பைக்காக 86 வருஷம் காத்துக் கிடந்த ஊரில் இருந்துகொண்டு நான் வேறென்ன செய்ய முடியும்? சியாட்டிலுக்குத் தாவினேன். நண்பன் பேச்சை நிறுத்தினான்.

தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ், சியாட்டில் 3-1 முன்னிலை. டொரன்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் ஒரே அடியில் மூன்று ரன் எடுத்தார். 4-3. முடிந்தது. (2017-இல் எந்தப் பந்து வரும் என்று சொல்லும் எதிரணி சைகைகளைத் திருடிய ஹூஸ்டன் அணியில் இருந்தவர் இவர். அதையும் சொல்லித் திட்டினேன், அது வேறு விஷயம்.)

இறுதியில் டொரன்டோவும் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸும். டாட்ஜர்ஸின் பண பலம் எனக்குப் பிடிக்காது, நண்பனோடு சமாதானமும் ஆகவேண்டும், ஆகவே திரும்பவும் டொரன்டோ. ஆனால் டாட்ஜர்ஸ் மேனேஜர் யார்? டேவ் ராபர்ட்ஸ். 2004-இல் ரெட் சாக்ஸ் யாங்கீஸிடம் ஆட்டக் கணக்கில் 0-3 என்று பின்தங்கிக் கிடந்தபோது, நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டாவது பேஸைத் திருடி (பந்து அடிக்கப்படும் முன்பே அங்கே ஓடிச் சேர்ந்து) எங்கள் ஊருக்கு உயிர் கொடுத்த அதே மனுஷன். கூடவே மூக்கி பெட்ஸ். முன்பு ரெட் சாக்ஸில் ஆடிய எங்கள் பிள்ளை. 2020-இல் சம்பளக் கணக்குப் பார்த்து அவரை டாட்ஜர்ஸுக்குத் தாரை வார்த்தார்களே, அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

நவம்பர் 1, ஏழாவது ஆட்டம். வீடியோ காலில் நண்பன். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் டொரன்டோவுக்குக் கோப்பை கிடைக்க இன்னும் இரண்டே அவுட் என்றபோது டாட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் (எல்லைச் சுவருக்கு வெளியே போகும் அடி) அடித்துச் சமன் செய்தார். பதினொன்றாவதில் வில் ஸ்மித் இன்னொன்று. 5-4 என்று டாட்ஜர்ஸ் முன்னிலை. கடைசியில் டொரன்டோவின் அலெஹாண்ட்ரோ கிர்க் அடித்த பந்து தரையோடு உருண்டு நேராக மூக்கியிடம் போனது. இரண்டாவது பேஸை மிதித்தார், முதல் பேஸுக்கு எறிந்தார். இரட்டை அவுட், கோப்பை டாட்ஜர்ஸுக்கு.

நான் கைதட்டிவிட்டேன். போனில் நண்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.