வீட்டுத்திட்ட வீட்டுக்கு டைல்ஸ் போட்டால் குற்றமா?

நேற்று முழுக்க ஆளாளுக்குப் பகிர்ந்த அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். வீட்டுத்திட்ட வீடு, விறாந்தைக்கு டைல்ஸ், முற்றத்தில் ஸ்கூட்டி. "இவையளா ஏழைகள்?" என்று ஒரு கேள்வி, கீழே அத்தனை சிரிப்பு. அந்த வீட்டுப் பிள்ளையும் முகநூல் பார்க்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா?

வீட்டுத்திட்டம் என்றால் கட்டி முடித்துச் சாவியைக் கையில் கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள். போரில் வீடிழந்த சனத்துக்கு இந்திய அரசின் காசில் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் இங்கே வடக்கில் பெரும்பாலானோருக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம் ரூபாய். அதுவும் கட்டம் கட்டமாக. அத்திவாரத்தைக் காட்டினால்தான் அடுத்த காசு. கட்டியது அந்தச் சனம்தான்.

என் சின்னம்மா 1990இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து போரால் இடம்பெயர்ந்தவ. முகாமிலேயே பிள்ளைகளை வளர்த்தவ. இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டுப் போய்ப் பார்த்தால் பற்றைக்குள் கிணறு மட்டும்தான் மிச்சம். வீட்டுக்காசு வந்தபோது சீமெந்தும் மணலும் விலை ஏறிக் கிடந்தன. கதவு, யன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் வேலை நின்றுவிட்டது. சுவர் எழும்பாமல் அடுத்த கட்டம் வராது, அது வராமல் மேசனுக்குக் கூலி இல்லை. தோட்டை அடகு வைத்தா, பிறகு தாலிக்கொடியையும் வைத்தா. மேசனுக்குக் கையாளாக நின்று சாந்து குழைத்ததும் அவதான். மகள் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில்தான் பிறகு டைல்ஸ் போட்டார்கள். அது யாருடைய காசு?

"பொதுப்பணம், கேட்க உரிமை இருக்கு" என்பீர்கள். சரி, கேளுங்கள். தகுதியில்லாதவர்களும் பட்டியலில் ஏறினார்கள், மறுக்கவில்லை. அதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். ஒரு குடும்பத்தின் முற்றத்தைப் படம் பிடித்துப் போடுவதா கேள்வி? வெளிநாட்டுக் காசு வருகிறதாம். யாழ்ப்பாணத்தில் அது வராத ஒழுங்கை எது? உங்கள் வீட்டு டைல்ஸுக்கு யாராவது கணக்குக் கேட்டார்களா?

அரசாங்கம் 65,000 பொருத்து வீடுகள் தருகிறோம் என்று வந்தபோது, இரும்புக்கூடு எங்கள் வெயிலுக்கு ஆகாது, கல்வீடு தா என்று எங்களில் பலர் கேட்டோம். ஏழைக்கும் நல்ல வீடு வேண்டும் என்று அப்போது சொன்ன வாய்கள்தானே இவை?

உண்மையில் கோபப்பட வேண்டிய இடம் வேறு. காணி உறுதி இல்லை என்பதாலேயே பட்டியலில் சேராமல் போனவர்கள் இருக்கிறார்கள். 2019இல் ஆட்சி மாறியதும் தேசிய வீடமைப்பு அதிகார சபை தர வேண்டிய மிச்சக் கட்டக் காசு நின்றுபோக, அரைச்சுவருக்குப் பக்கத்தில் தகரக்கொட்டிலில் கிடந்தவர்கள் இருக்கிறார்கள். வாசல் நிலை கூட வைக்காத வீட்டுக்காகக் கடைக்கடன் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களுக்காக இவ்வளவு காலத்தில் ஒரு வரி எழுதினீர்களா?