பூஜ்யம் விநாடியில எந்த ஃபங்ஷனும் ஓடாதுங்க!

மறுபடியும் அதே ஸ்கிரீன்ஷாட், ப்ரோக்ராம்ல ஒரு ஃபங்ஷன் ஓட எவ்வளவு நேரம் ஆகுதுன்னு யாரோ அளந்து போட்டது. விண்டோஸ், பைத்தான் 3.10. ஃபங்ஷனுக்கு முன்னாடி, இப்போ மணி என்னன்னு சொல்ற டைம்.டைம்() ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, கழிச்சு பிரிண்ட். விடை 0.0. கீழேயே தீர்ப்பு: "இந்த ஃபங்ஷன் நேரமே எடுக்கல, பிரச்சினை வேற எங்கயோ இருக்கு."

மூட்டை நிறுக்கற தராசுல மூக்குத்தியை வெச்சுட்டு எடையே இல்லைன்னு சொல்றதா?

திரும்ப ஓட்டினா 0.0. அடுத்ததும் 0.0. நாலாவது தடவை 0.0156. அஞ்சாவது மறுபடி 0.0. உடனே "நாலாவது தடவை மட்டும் ஏதோ சிக்குது"ன்னு தேட ஆரம்பிச்சாச்சு. கேஷா, டிஸ்க்கா, ஆன்ட்டிவைரஸா? அரை நாள் போச்சு. அங்க சிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லங்க! 0.0156ங்கறது ஒரு விநாடியில 64-ல ஒரு பங்கு. பைத்தான் 3.12 வரைக்கும் விண்டோஸ்ல டைம்.டைம்() பார்க்கற கடிகாரம் 15.6 மில்லிவிநாடிக்கு ஒரு தடவைதான் நகரும். ஃபங்ஷனுக்கு உண்மையில 4 மில்லிவிநாடி ஆகுதுன்னா, ரெண்டு நகர்வுக்கு நடுவுல முடிஞ்சா 0.0, நகர்ற நேரத்துல மாட்டினா 0.0156. சுமாரா நாலு தடவைக்கு ஒரு தடவை மாட்டும். ரெண்டு எண்ணுமே பொய்!

இடைவெளியை அளக்கறதுக்குன்னே இருக்கற டைம்.பெர்ஃப்_கவுண்டர்() 2012-லயே, பைத்தான் 3.3-லயே வந்தாச்சு. மாத்த வேண்டியது ரெண்டே இடம். 3.13-ல டைம்.டைம்()மும் மைக்ரோவிநாடி வரைக்கும் பார்க்குது, சரி. ஆனா அது இன்னமும் சுவர்க்கடிகாரம்தான். நடுவுல என்டிபி (கம்ப்யூட்டர் கடிகாரத்தை நெட் வழியா சரிபண்றது) நேரத்தைப் பின்னால தள்ளினா, ஃபங்ஷன் மைனஸ் நேரத்துல ஓடினதா விடை வரும்.

கோடைப் பல தடவை ஓட்டி நேரம் அளக்கற டைம்இட் இருக்கேன்னு ஓடறவங்க, எத்தனை தடவை ஓட்டணும்ங்கற நம்பர் கொடுக்க மறந்துடறாங்க. கோடுக்குள்ள டைம்இட்.ரிப்பீட்()னு கூப்பிட்டா ஒரு சுற்றுக்கு 10 லட்சம் தடவை, மொத்தம் 5 சுற்று. 4 மில்லிவிநாடி ஃபங்ஷனுக்கு அஞ்சரை மணி நேரம்! நம்பர்=100 போதும். வர்ற அஞ்சுல சராசரி எடுக்காதீங்க, குறைஞ்சதை எடுங்க. மேல ஏறினது பெரும்பாலும் மத்த ப்ரோக்ராம் குறுக்கே வந்ததால.

ஈல்டு இருக்கற ஃபங்ஷனை (கேட்கக் கேட்க ஒவ்வொரு விடையா கொடுக்கறது) சும்மா கூப்பிட்டு "மைக்ரோவிநாடியில முடிஞ்சுது"ன்னு குதிக்கறதையும் நிறுத்துங்க. உள்ள ஒரு வரிகூட இன்னும் ஓடல. லிஸ்ட்()க்குள்ள போட்டு அளங்க.

முழு ஸ்கிரிப்ட்டுக்கு, எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுத்ததுன்னு பட்டியல் போடற சிப்ரோஃபைல். அதுலயும் க்யூம்டைம்படி (மொத்த நேரம்) அடுக்கி, உச்சியில மெயின்() நிக்குதுன்னு அதைக் குறை சொல்றாங்க. அது கூப்பிட்ட எல்லாத்தோட நேரமும் அந்தக் கணக்குலதானே சேரும்! ஃபங்ஷனோட சொந்த நேரம் டாட்டைம்ங்கற நெடுவரிசையில இருக்கு, அதைப் பாருங்க. லட்சக்கணக்குல கூப்பிடற குட்டி ஃபங்ஷனோட எண்ணை மட்டும் அப்படியே நம்பாதீங்க, ஒவ்வொரு அழைப்பையும் குறிச்சுக்கற ப்ரோஃபைலரோட சுமையும் அதுல ஏறியிருக்கும்.

அப்புறம் அந்த பிரிண்ட். வெறும் 2.34! விநாடியா, மில்லிவிநாடியா? பக்கத்துல ஒரு எழுத்து போட்டா கை தேஞ்சுடுமா?