தாராசுரத்துக் குதிரையும் என் ஒரு வரி கமெண்டும்

மூன்று நாளாக ஆளாளுக்கு அந்த வீடியோவை அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். கும்பகோணம் பக்கத்தில் தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில், தேர் மாதிரி கட்டிய ராஜகம்பீரன் திருமண்டபம், அந்தத் தேரை இழுக்கிற கல் குதிரை. அதன் கழுத்தில் காலை ஊன்றி ஏறி நின்று ஒருவர் ஆடுகிறார், கூட வந்தவர்கள் கைதட்டுகிறார்கள். நான் எழுதியது ஒரே வரி: "சிற்பத்தில் ஏறாதீர்கள், தொடாதீர்கள்." அதற்கு "கோயிலை விலைக்கு வாங்கிட்டியா", "வயித்தெரிச்சல்" என்று நூறு பதில். கூடப் படித்த ஒருவர், என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர், அத்தனைக்கும் சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறார். அதுதான் ரொம்ப வலிக்கிறது.

மறுபடியும் சொல்கிறேன். தொடாதீர்கள்.

"எண்ணூறு வருஷமா மழையில நிக்குது, நான் ஏறினா உடைஞ்சிடுமா?" என்று கேட்கிறார்கள். சோழ மன்னன் இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கருங்கல் கோயில், சரி. ஆனால் அங்கே போனவர்களுக்குத் தெரியும், தாராசுரத்தின் அழகே பொடிப்பொடி வேலைதான். பிரதான கோயில் சுவரின் அடியில் நாயன்மார் கதைகள் வரிசையாக ஓடுகின்றன. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கிற காட்சியைக் குனிந்து உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். முதலை வாயைப் பிளந்திருக்கிறது, உள்ளேயிருந்து பிள்ளை வெளியே வருகிறான். அவன் முகத்தை ஒரு கட்டைவிரலால் மறைத்துவிடலாம். எத்தனை ஆயிரம் பேர் வியர்வைக் கையால் தடவினால் அந்த முகத்தில் மூக்கு மிஞ்சும்?

பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் சுரம் கேட்கும் என்பார்கள். ஆளாளுக்குத் தட்டித் தட்டி, இப்போது கம்பி போட்டு அடைத்திருக்கிறது. அப்புறம் அந்த ரிஷப குஞ்சரம், காளைக்கும் யானைக்கும் சேர்த்து ஒரே தலை. ஒரு பக்கத்தை மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. போன மாசம் அரை மணி நேரம் அதன் எதிரில் நின்றேன், வந்த அத்தனை பேரும் உள்ளங்கையைக் கல்லில் அப்பித்தான் மறைத்தார்கள். கல்லைத் தொடவே வேண்டாம், உங்கள் கண்ணுக்கு முன்னால் கையை நீட்டினாலே போதும், காளை தெரியும்.

என் அப்பா அந்த ஊரில் பட்டு நெய்தவர். தறிக்குப் பக்கத்தில் யார் வந்தாலும், சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், "கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பாரு" என்பார். வியர்வைக் கை பட்டால் ஜரிகை கறுத்துப்போகும். கோயிலுக்குக் கூட்டிப்போனாலும் அதே வார்த்தைதான். அவருக்குப் பெரிய படிப்பு கிடையாது, 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் கோயிலைச் சேர்த்தது என்ன ஏது என்றும் தெரியாது. செய்தவன் உழைப்பு அவருக்குத் தெரியும். இதைத்தான் நீங்கள் "மேட்டிமைத்தனம்" என்கிறீர்கள். ஒரு நெசவாளியின் மகனைப் பார்த்து!

"இது மியூசியம் இல்ல, கோயில், தொட்டுக் கும்பிடுவது நம்ம வழக்கம்." ஐயா, நானும் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறேன். கழுத்தில் ஏறி நின்று ஆடுவது எந்த ஊர்க் கும்பிடு? காவலுக்கு ஆள் போட வேண்டியது தொல்லியல் துறை என்கிறார்கள். போடட்டும். அதுவரை ஏறலாமா?

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரு துவாரபாலகர், வாயில் காவலர் சிலை, இருக்கிறார், முன்பு தாராசுரத்தில் இருந்தவர். சோழ மன்னன் முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்துவிட்டுக் கொண்டுவந்த சிலை என்று அதன் பீடத்திலேயே வெட்டியிருக்கிறது. பகைவனின் ஊரைக் கொளுத்தியவர்கள், அந்தச் சிலையை மட்டும் அத்தனை தூரம் உடையாமல் சுமந்து வந்திருக்கிறார்கள். நாம் டிக்கெட்கூட இல்லாமல் உள்ளே போய், சொந்தப் பாட்டன் செதுக்கியதன் மேல் ஏறி நிற்கிறோம்.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. கடைசியாக அவரை அங்கே அழைத்துப்போனபோது நடக்கவே முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கமெண்டை அழிக்கச் சொல்லி இன்பாக்ஸில் வந்தவர்களுக்கு: அழிக்க மாட்டேன். அந்தத் தம்பி வீடியோவை எடுத்துவிட்டு "தெரியாம ஏறிட்டேன்" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால், இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.