அங்கே மௌனம் சம்மதம் இல்லை

திருப்பூரில் பனியன் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் வேலை பார்ப்பவனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் உலகச் செய்தி கிடையாது. டேபிள் மேல் கிடக்கும் ஃபைல். போன வாரம் ஒரு பையரிடமிருந்து மெயில் வந்தது, கூடவே முப்பத்தெட்டுப் பக்கம். வருகைப்பதிவு எப்படி இருக்கணும், சாயத் தண்ணீர் எங்கே போகுது, நூல் எந்த மில்லில் வாங்குறீங்க, அந்த மில்லுக்குப் பஞ்சு எங்கிருந்து வருது. பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். பேக்கிங் சூப்பர்வைசர் நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, இதையெல்லாம் ஆருங்க உக்காந்து எழுதறது?"

"பிரஸ்ஸல்ஸுங்க" என்றேன்.

பெல்ஜியத்தின் தலைநகரம், ஒன்றியத்தின் அலுவலகங்கள் இருக்கும் ஊர். அவர் அது யாரோ ஒரு ஆளின் பெயர் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார். நான் திருத்தவில்லை. ஆனால் ராத்திரி வரைக்கும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஐரோப்பாவிலேயே பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸ் என்று ஒரு பெரிய மனுஷன் இருக்கிறான், காலையில் எழுந்து யாரையும் கேட்காமல் சட்டம் போடுகிறான் என்று. பதினைந்து வருஷமாக வயிற்றுப்பாட்டுக்காக அந்தச் சட்டங்களைப் படித்து வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. அங்கே பல சட்டங்களின் தலையெழுத்து வாயே திறக்காத மந்திரிகள் கையில் இருக்கிறது.

நம் பக்கம் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் பேசாமல் உள்ளே போனால் காபி டம்ளரை வைத்துவிட்டுத் தட்டு மாற்றத் தேதி பார்த்த ஜனம் நாம். பிரஸ்ஸல்ஸில் கணக்கு தலைகீழ்.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஆணையம் சட்ட வரைவை எழுதி முன்வைக்கும். அதற்கு மேல் அதனால் முடியாது, நிறைவேற்றும் அதிகாரம் இல்லை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றம் திருத்தலாம், ஏற்கலாம், நிராகரிக்கலாம். ஆனால் தானாக ஒரு மசோதாவைக் கொண்டுவர முடியாது. (நாடாளுமன்றம் என்ற பெயரை வைத்துக்கொண்டு மசோதா கொண்டுவர முடியாதா என்று கேட்காதீர்கள், அவர்களே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.) மூன்றாவது, 27 நாட்டு மந்திரிகள் உட்காரும் கவுன்சில். இதுபோக நாட்டுத் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய கவுன்சில் தனி. ஒன்றியத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஐரோப்பா கவுன்சில் இன்னொன்று. பெயர் வைத்தவர்கள் கையில் கிடைத்தால் கேட்க எனக்கும் நாலு கேள்வி இருக்கிறது.

மந்திரிகள் கவுன்சிலில் பெரும்பாலான சட்டங்களுக்கு இரட்டைக் கணக்கு. 55 சதவீத நாடுகள், அதாவது 27க்கு 15 நாடுகள் ஆதரிக்க வேண்டும். அந்த நாடுகளில் ஒன்றிய மக்கள்தொகையின் 65 சதவீதம் இருக்கவும் வேண்டும். வந்து உட்கார்ந்துவிட்டு, "நாங்கள் ஒதுங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லும் நாடு ஆதரவுக் கணக்கில் ஏறாது. ஏறாததால் அது எதிர்ப்பு ஓட்டுக்குச் சமம். ஒன்றிய ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஜெர்மனியில் மட்டும் இருக்கிறது. ஜெர்மனி ஒதுங்கினால், கூட இரண்டு பெரிய நாடு, ஒரு சின்ன நாடு ஒதுங்கினால் போதும், சட்டம் படுத்துவிடும். யாரும் எதிர்த்ததாகவே இருக்காது.

ஜெர்மனியில் கூட்டணிக் கட்சிகளுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் பிரஸ்ஸல்ஸில் ஒதுங்கிக்கொள்வது என்று வழக்கம். இது எத்தனை தடவை நடந்திருக்கிறது என்றால், ஒதுங்குவதற்கே அங்கே 'ஜெர்மன் ஓட்டு' என்று பட்டப்பெயர் வந்துவிட்டது.

இந்த மௌன வித்தை புதுசும் இல்லை. 1950 மே 9 அன்று பிரான்ஸின் வெளியுறவு மந்திரி ராபர்ட் ஷூமான், பிரெஞ்சு நிலக்கரியையும் எஃகையும் ஜெர்மன் நிலக்கரி, எஃகோடு சேர்த்து ஒரு பொது அமைப்பின் கீழ் வைப்போம் என்றார். பீரங்கி செய்யத் தேவையான இரண்டையும் தனியாக எவனும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் விஷயம். 1951இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. 1957இல் ரோம் ஒப்பந்தம், பொதுச் சந்தை. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது 1965 ஜூலையில் விவசாயத்துக்கு யார் எப்படிப் பணம் போடுவது என்று தகராறு. அதற்கு அடியில் இன்னொரு தகராறு: 1966 முதல் பல விஷயங்களில் பெரும்பான்மை ஓட்டு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பிரெஞ்சு அதிபர் சார்ல் தெ கோலுக்கு அது பிடிக்கவில்லை. மற்றவன் ஓட்டுப் போட்டு பிரான்ஸை வளைப்பதா?

அவர் மேடை போட்டுக் கத்தவில்லை, விலகவும் இல்லை. பிரெஞ்சு மந்திரிகளைக் கூட்டத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். காலி நாற்காலி நெருக்கடி என்று அதற்குப் பெயர். ஏறக்குறைய ஏழு மாதம் வண்டி நகரவில்லை. 1966 ஜனவரியில் லக்சம்பர்க்கில் ஒரு சமரசம் செய்தார்கள். ஒரு நாடு 'இது எங்கள் உயிர்நாடி விஷயம்' என்று சொன்னால், எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசிக்கொண்டே இருப்பது. அது சட்டமே கிடையாது, ஒரு அறிக்கை. ஆனாலும் இருபது வருஷத்துக்கு எல்லோர் கையிலும் வீட்டோ இருந்ததுபோல் ஆகிவிட்டது. 1986இல் ஒற்றை ஐரோப்பியச் சட்டம் வந்துதான் பெரும்பான்மை ஓட்டுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. அப்படித்தான் 1993 ஜனவரியில் ஒற்றைச் சந்தை திறந்தது. அந்த 1986 சட்டத்துக்கு பிரிட்டனுக்காகச் சம்மதித்தது மார்கரெட் தாட்சர் அரசு. இரண்டே வருஷத்தில் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் நின்று பிரஸ்ஸல்ஸின் அதிகாரத்தைச் சாடிப் பேசியதும் அதே தாட்சர்.

மந்திரிகள் மௌனம் ஒரு பக்கம் என்றால் ஒப்பந்தத்துக்கே ஒரு மௌனம் உண்டு. ஒன்றியச் சட்டமும் உள்நாட்டுச் சட்டமும் மோதினால் எது பெரியது? ரோம் ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. பதில் வந்தது ஒரு கரண்ட் பில்லில் இருந்து. இத்தாலி 1962இல் மின்சாரத்தைத் தேசியமயமாக்கியது. மிலான் நகரத்து வக்கீல் ஃபிளாமினியோ கோஸ்டா, பறிபோன கம்பெனி ஒன்றில் பங்கு வைத்திருந்தவர், புது அரசு நிறுவனத்தின் பில்லைக் கட்ட மாட்டேன் என்றார். 1,925 லிரா. அந்தக் காலத்திலும் அது சில்லறைக் காசுதான். சின்ன நீதிமன்றத்தில் ஆரம்பித்த வழக்கு லக்சம்பர்க்கில் இருந்த ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போய், 1964 ஜூலை 15 அன்று தீர்ப்பு வந்தது: ஒன்றியச் சட்டத்தை உள்நாட்டுச் சட்டம் மீற முடியாது. இத்தனை கூட்டம் போட்ட ஆறு நாட்டுத் தலைவர்கள் எழுதத் தயங்கியதை ஒரு பில் தகராறு எழுத வைத்துவிட்டது.

இனி என் டேபிளுக்கு வருகிறேன். அந்த முப்பத்தெட்டுப் பக்கத்தின் பின்னால் ஒரு சட்டத்தின் நிழல் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் தங்கள் சப்ளை செயினில் நடக்கும் மனித உரிமை மீறலுக்கும் சூழல் கேட்டுக்கும் பொறுப்பெடுக்க வேண்டும் என்ற சட்டம். ஆணையம் இதை 2022 பிப்ரவரியில் முன்வைத்தது. முதல் வரைவில் 500 ஊழியர்களுக்கு மேல், 15 கோடி யூரோ விற்றுமுதலுக்கு மேல் உள்ள கம்பெனிகள். துணி, தோல், காலணி போன்ற ஆபத்தான துறைகளுக்கு இன்னும் இறக்கி, 250 பேர், 4 கோடி யூரோ என்று இருந்தது. அதைப் படித்த அன்று, நம்மிடம் வாங்கும் நடுத்தர பையர்களும் மாட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் நினைத்தேன். ஏனென்றால், வாங்கும் முறையையே மாற்ற வேண்டிவரும் என்ற பேச்சு அதில் பிறகு சேர்ந்தது. பீஸுக்கு ஐந்து சென்ட் குறை என்று ஒரு மெயில், கூலி ஒழுங்காகக் கொடு என்று இன்னொரு மெயில், இரண்டும் ஒரே கம்பெனியிலிருந்து ஒரே நாளில் வருவதைப் பார்த்தவனுக்கு அந்த வரியின் அருமை தெரியும்.

பிறகு முத்தரப்புப் பேச்சு. டிரைலாக் என்பார்கள். ஆணையம், நாடாளுமன்றம், கவுன்சில் மூன்றின் ஆட்களும் மூடிய அறையில் உட்கார்ந்து பேரம் பேசுவது. ஒப்பந்தங்களில் இப்படி ஒரு அறையே கிடையாது, பழக்கத்தில் வந்தது. மேஜையில் நாலு காலம், அதாவது நாலு நெடுவரிசை, போட்ட தாள். முதல் மூன்றில் மூவர் நிலைப்பாடு. நாலாவது காலம் காலியாக இருக்கும், பேரம் படியப் படிய நிரம்பும். சட்டம் நிஜமாகப் பிறப்பது அந்த நாலாவது காலத்தில். அதைப் பொதுமக்களுக்குக் காட்ட மாட்டோம் என்று நாடாளுமன்றமே மறுத்து, 2018இல் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 'அப்படி மொத்தமாக மறைக்க முடியாது' என்று சொல்ல வேண்டியிருந்தது. ஜனநாயகத்தைப் பற்றி நமக்கு வகுப்பெடுப்பவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 14 அன்று பேரம் முடிந்தது என்று அறிவித்தார்கள். அதே நாள் பிரஸ்ஸல்ஸில் இன்னொரு கூத்து. உக்ரைனைச் சேர்க்கப் பேச்சு தொடங்கலாமா என்று தலைவர்கள் கூடியிருந்தார்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் நடக்காது. அப்போது ஹங்கேரியின் பிரதமராக இருந்த விக்டர் ஓர்பான் வேண்டாம் என்றவர். அப்போது ஜெர்மனியின் சான்சலராக இருந்த ஓலாஃப் ஷோல்ஸ், கொஞ்சம் வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாமே என்கிற மாதிரி யோசனை சொல்ல, ஓர்பான் எழுந்து போனார். மிச்சம் 26 பேர் முடிவெடுத்தார்கள். ஏகமனதாக எடுக்கும் முடிவில் ஒதுங்கி நிற்பது தடை ஆகாது. அங்கே மட்டும் நம் ஊர்க் கணக்கு, மௌனம் சம்மதம்! அன்று ராத்திரியே உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ நிதியை அவர் தடுத்தார் என்பது வேறு கதை. அப்போது அவர் அறைக்குள் இருந்தார்.

நம் சட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பேரம் முடிந்தால் கவுன்சில் ஓட்டு வெறும் சடங்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2024 ஜனவரி, பிப்ரவரியில் ஜெர்மன் கூட்டணியின் சின்னக் கட்சியான எஃப்டிபி முரண்டு பிடித்தது. தொழிலாளர் மந்திரி ஆதரவு, நீதி மந்திரி எதிர்ப்பு. ஆகவே ஜெர்மன் ஓட்டு. இத்தனைக்கும் ஜெர்மனியில் இதே மாதிரி உள்நாட்டுச் சட்டம் 2023 முதல் அமலில் இருந்தது. இத்தாலியும் தயங்கியது. பிரான்ஸ் வரம்பை 5,000 ஊழியர்களுக்கு ஏற்றக் கேட்பதாகச் செய்தி வந்தது. பிப்ரவரி 28 அன்று பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆதரிக்காத நாடுகளில் பெரும்பாலானவை எதிர்த்து ஓட்டுப் போடவே இல்லை, சும்மா இருந்தன.

அப்புறம் வெட்டு. மார்ச் 15 அன்று கவுன்சிலில் நாடுகளின் தூதர்கள் ஒத்துக்கொண்டபோது 500 பேர் 1,000 ஆகியிருந்தது, 15 கோடி 45 கோடி ஆகியிருந்தது. துணி, தோலுக்கான தனி வரம்பு காணாமல் போயிருந்தது. ஏப்ரல் 24 அன்று நாடாளுமன்றம் 374க்கு 235 என்று நிறைவேற்றியது. டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்த நாளும் ஏப்ரல் 24தான், 2013இல். மே 24 அன்று கவுன்சிலும் ஏற்றது. ஜெர்மனி கடைசிவரை ஒதுங்கியே நின்றது.

அதோடும் விடவில்லை. 2025 பிப்ரவரியில் சட்டத்தை எழுதிய அதே ஆணையம், சுமை குறைக்கிறோம் என்று திருத்தம் கொண்டுவந்தது. ஏப்ரலில் அமலைத் தள்ளிப் போட்டார்கள். டிசம்பரில் உடன்பாடு: 5,000 ஊழியர்கள், 150 கோடி யூரோ. பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட ஒன்றியம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்றிருந்த பொறுப்பு விதியும் போனது. பிரான்ஸ் கேட்டதாக 2024இல் செய்தி வந்த அதே 5,000.

இப்போது சொல்லுங்கள், இதை பிரஸ்ஸல்ஸ் செய்தது என்று சொல்ல முடியுமா? வெட்டிய கைகளில் பெரும்பாலானவை பெர்லினிலிருந்தும் ரோமிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்தவை. ஆனால் ஊருக்குத் திரும்பிய மந்திரியிடம் 'நீ எதிர்த்தாயா' என்று எவனும் கேட்க முடியாது. எதிர்க்கவில்லையே. ஒதுங்கித்தானே நின்றார். ஒன்றியத்தில் ஜனநாயகம் குறைவு என்று புலம்புபவர்கள் ஆணையத்தின் மேல் பாய்வதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஆணையத்தை நாடாளுமன்றமாவது வீட்டுக்கு அனுப்பலாம். 1999இல் சான்டர் தலைமையிலான ஆணையம் அந்தப் பயத்தில்தான் கூண்டோடு ராஜினாமா செய்தது. சும்மா இருந்த மந்திரியை யார் என்ன செய்வது?

சட்டம் இளைத்துவிட்டது, ஆனால் பையரின் முப்பத்தெட்டுப் பக்கம் இளைக்கவில்லை. வாங்கும் விலை பற்றி அதில் ஒரு வரி இல்லை. எங்கள் பக்கம் மட்டும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில்: ஏழு வேலை நாட்களுக்குள் உங்கள் பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும்.

பதில் எழுதினேன். விலை பற்றி, டெலிவரிக்குக் கொடுக்கும் நாள் பற்றி, கடைசி நிமிஷம் ஆர்டர் மாற்றுவது பற்றி, மூன்று பத்தி. முதலாளியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அனுப்பாதீங்க, சும்மா இருங்க" என்றார்.

டிராஃப்டில் கிடக்கிறது. இன்றைக்கு ஆறாவது நாள்.