பயமா என்று மட்டும் கேட்டால் போதாது

பருவநிலை மாற்றத்தைப் பற்றி இளைஞர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்பதை இப்போது எங்கள் பக்கத்துக் கல்லூரிகளிலும் ஆய்வுத் தலைப்பாக எடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். சமூகப்பணி படிக்கிறவர்கள், உளவியல் படிக்கிறவர்கள் கேள்வித்தாளைக் கொண்டுவந்து "சார், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்க" என்கிறார்கள். உண்மையிலேயே சந்தோஷமான விஷயம். ஆனால் அந்தக் கேள்வித்தாள்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு கவலை கூடிக்கொண்டே போகிறது, அதை எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஒரே ஆய்வைத்தான். 2021-இல் லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் வந்தது, கரோலைன் ஹிக்மனும் அவருடைய குழுவினரும் செய்தது. 10 நாடுகள், நாட்டுக்கு ஆயிரம் பேர், 16 முதல் 25 வயது வரை. இந்தியாவும் அதில் உண்டு. மொத்தத்தில் 59 சதவீதம் பேர் மிகவும் அல்லது மிக மிக அதிகமாகக் கவலைப்படுவதாகச் சொன்னார்கள், எதிர்காலம் பயமுறுத்துகிறது என்றவர்கள் 75 சதவீதம். நம் செய்தித்தாள்களில் வந்தது இவ்வளவுதான். 'இளைஞர்களிடையே பருவநிலைப் பதற்றம்' என்று ஒரு தலைப்பு, கீழே ஒரு மனநல மருத்துவரின் பேட்டி, யோகா செய்யுங்கள், செல்போனைக் குறையுங்கள் என்று ஆலோசனை, முடிந்தது.

அந்த ஆய்வின் சாரமே வேறு. இந்தப் பிள்ளைகளின் மனவேதனை, அரசுகள் ஒன்றும் செய்யவில்லை, நம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற எண்ணத்தோடு சேர்ந்தே இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் முக்கியமாகக் காட்டினார்கள். அதாவது வெறும் பயம் இல்லை, அதில் கோபம் இருக்கிறது, ஏமாற்றப்பட்ட உணர்வு இருக்கிறது. இன்னொன்றும் உண்டு, அதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது: இதைப் பற்றி யாரிடமாவது பேசிப் பார்த்தேன் என்று சொன்னவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர், 48 சதவீதம், நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றிருக்கிறார்கள். காதில் போட்டுக்கொள்ளாதவர்கள் யார்? அப்பா, அம்மா, சித்தப்பா, மாமா, என்னைப் போல் பாடம் நடத்துகிறவர்கள். நாம்தான்.

அப்புறம் நாடுகளுக்கு இடையே இருக்கிற வித்தியாசத்தைப் பாருங்கள். இந்த உணர்வுகள் என் அன்றாட வாழ்க்கையையே பாதிக்கின்றன, சாப்பாடு, தூக்கம், படிப்பு போன்றவற்றில் ஏதாவது ஒன்றையாவது கெடுக்கின்றன என்று சொன்னவர்கள் பிரிட்டனில் 28 சதவீதம், அமெரிக்காவில் 26. இந்தியாவில் 74, பிலிப்பைன்ஸிலும் 74. மடங்கு கணக்கில் வித்தியாசம். பிலிப்பைன்ஸ் என்றால் 2013-இல் ஹையான் புயல் டக்ளோபான் நகரத்தையே புரட்டிப்போட்ட நாடு, ஆறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு இது எதிர்காலத்தைப் பற்றிய கவலையாக எப்படி இருக்க முடியும்? நடந்து முடிந்ததும் திரும்ப நடக்கப்போவதும்தானே?

ஆனால் அந்த ஆயிரம் இந்தியர்களும் இணையத்தில், ஆங்கிலத்தில் பதில் சொன்னவர்கள். இந்தக் குறையை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. எனக்கு அவர்கள் மேல் புகாரும் இல்லை, பத்து நாடுகளில் ஒரே நேரத்தில் செய்யும்போது வேறு வழி இருந்திருக்காது. வேதாரண்யத்தில் பிளஸ் டூ படிக்கிற பெண்ணும் பேராவூரணியில் கஜா புயலில் தென்னை விழுந்த வீட்டுப் பையனும் அந்தக் கணக்கில் இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. அவர்களிடம் போய்க் கேட்க வேண்டியது இங்கே இருக்கிற நம் வேலை.

இங்கேதான் நம் மாணவர்கள் சறுக்குகிறார்கள். 2020-இல் சூசன் கிளேட்டன் என்ற உளவியலாளரும் இன்னொருவரும் சேர்ந்து உருவாக்கிய, பருவநிலைப் பதற்றத்தை அளக்கிற அளவுகோல் ஒன்று இருக்கிறது. பருவநிலை மாற்றத்தை நினைத்தால் தூக்கம் வருவதில்லையா, கவனம் சிதறுகிறதா, அதைப் பற்றிக் கெட்ட கனவு வருகிறதா, அழுகை வருகிறதா என்று கேட்டுக்கொண்டே போகும். அமெரிக்காவில் செய்து பார்த்து உருவாக்கியது, நல்ல அளவுகோல்தான். அதை அப்படியே தமிழில் போட்டு டெல்டாப் பிள்ளைகளிடம் நீட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை', 'இல்லை', 'எப்போதாவது' என்று டிக் அடித்துத் தருகிறார்கள் பிள்ளைகள். ஆய்வின் முடிவு: கிராமப்புற மாணவர்களிடம் விழிப்புணர்வு குறைவு. படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கஜா அடித்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. அன்றைக்குப் பத்து வயதில் இருந்தவர்கள்தான் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். அந்தப் பக்கத்து மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னது இது. வானிலை அறிக்கையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று காதில் விழுந்ததும் அவள் முதலில் செய்வது, தன் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வீட்டு ரேஷன் கார்டு, ஆதார், அம்மாவின் வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பாலித்தீன் கவரில் போட்டு, வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டி, அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கஜாவில் அவள் அக்காவின் சான்றிதழ்கள் நனைந்து கூழாகிவிட்டன, நகல் வாங்க அலைந்த அலைச்சலைக் கூடவே நடந்து பார்த்தவள் அவள். "பயமா இருக்கா?" என்று கேட்டேன். "பயமெல்லாம் இல்ல சார், வேலை இருக்குல்ல" என்றாள். எந்த அளவுகோலில் இவளுக்கு என்ன மதிப்பெண் போடுவது?

நெல் வீட்டுப் பையன்களுக்கு இது வேறு மாதிரி. 2023 பிப்ரவரி ஆரம்பத்தில் சம்பா அறுவடை நேரத்தில் பருவம் தப்பிய மழை பெய்து கதிர் சாய்ந்தது நினைவிருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள், விதிவிலக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ரோட்டில் நெல்லைக் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருக்கிற அப்பாவைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வருகிற பையனுக்கு வருவது பெரும்பாலும் அழுகை இல்லை, 'இந்த நிலம் எனக்கு வேண்டாம்' என்ற முடிவு. திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடலாம் என்று நினைக்கிறான். இதைப் பொருளாதாரக் காரணத்தால் இடம்பெயர்வு என்று ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். அதற்குள் இருக்கிற துக்கத்தை யாரும் எழுதுவதில்லை.

அதற்காக எல்லோரையும் கவுன்சிலிங்குக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. தூக்கம் கெட்டு, படிப்பு நின்றுபோய்த் தவிக்கிற பிள்ளைக்கு மனநல உதவி கண்டிப்பாக வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மழை பெய்யும்போது வீடு ஒழுகும் என்று கவலைப்படுவது நோய் இல்லை. ஸ்வீடனில் மரியா ஓயாலா என்ற ஆய்வாளர் பல வருஷமாகப் பிள்ளைகளிடம் இதைப் பற்றிக் கேட்டு எழுதிவருகிறார். நம்பிக்கையிலேயே இரண்டு வகை இருக்கிறது என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, பிரச்சினையைப் பெரிதுபடுத்துகிறார்கள் என்று தட்டிக்கழிப்பதால் வருவது. அது உள்ளவர்கள் செயலில் இறங்குவது குறைவு. இன்னொன்று, நிலைமை மோசம்தான், ஆனால் செய்ய வழி இருக்கிறது என்பதால் வருவது. இதுதான் ஆளை எழுப்பி நிறுத்துகிறது. தன் உணர்வை ஆசிரியர் மதித்துக் கேட்கிறார் என்று நினைக்கிற மாணவர்களிடம் இந்த இரண்டாவது வகை நம்பிக்கை அதிகம் இருப்பதாகவும் அவர் கண்டிருக்கிறார். ஆக, "அதெல்லாம் ஒன்னும் ஆகாது, நீ படிக்கிற வேலையைப் பார்" என்று நாம் ஆறுதலாகச் சொல்வது பிள்ளைக்கு உதவுவதே இல்லை.

இந்த வருஷம் இந்தத் தலைப்பை எடுக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உணர்வை நேரடியாகக் கேட்பதற்கு முன்னால், மழை அறிவிப்பு வந்தால் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். யார் மேல் கோபம் என்று கேளுங்கள், பஞ்சாயத்தா, அரசா, கம்பெனிகளா, பெரியவர்களா என்று அவர்களே சொல்லட்டும், நீங்கள் பட்டியல் கொடுக்காதீர்கள். 2017 ஒக்கி புயலில் அப்பாவையோ அண்ணனையோ கடலில் பறிகொடுத்த கன்னியாகுமரி வீடுகளுக்குப் போனால் ரெக்கார்டரை முதல் நாளே எடுத்துவிடாதீர்கள். அழவைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிடக் கூடாது, பேச்சு முடிந்த பிறகு அந்தப் பிள்ளைக்குத் துணையாக உள்ளூரில் யார் இருக்கிறார்கள் என்பதைப் போகும் முன்பே விசாரித்து வையுங்கள். ஆய்வு முடிந்ததும் திரும்பப் போய், கண்டதை அவர்களிடமே தமிழில் படித்துக் காட்டுங்கள், தவறு என்றால் திருத்தச் சொல்லுங்கள்.

என் மாணவர்களோடு சேர்ந்து எழுதிய கேள்விகள் கொஞ்சம் என்னிடம் இருக்கின்றன, இன்னும் முழுமையாகவில்லை. வேண்டுகிறவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், அனுப்புகிறேன். கடலோரப் பள்ளிகளில் வேலை பார்க்கிற ஆசிரியர்கள் யாராவது அதைப் படித்துவிட்டு, எந்தக் கேள்வி பிள்ளைகளிடம் எடுபடாது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.