கல்யாணம் முடிஞ்ச பிறகும் ஓட விடுங்க

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி, 1993 தமிழ்ப் புத்தாண்டுக்கு சன் டிவி. இதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்திலேயே இருக்கு. எங்க குடியாத்தத்து லோக்கல் சேனல் எப்ப ஆரம்பிச்சதுன்னு கேட்டா கேபிள்காரருக்கே தெரியல. "டிஷ் போட்டு ரெண்டு வருஷம் கழிச்சு இருக்கும்பா" என்கிறார்.

கேசட்டு ஓட்ட ஒரு டெக்கு, அந்தப் படத்தைக் கேபிள்ல ஏத்த மாடுலேட்டர்னு ஒரு பெட்டி, காலியாக் கிடந்த ஒரு நம்பர். சேனல்னா அவ்வளவுதான். ராத்திரி கேசட்டுல படம், கீழே ஜவுளிக்கடை விளம்பரம் ஓடும். என் பிறந்தநாள் போட்டோவும் ஒருமுறை வந்தது, பக்கத்து வீட்டுப் பையன் பேரோட.

ஆனா வைகாசி 1 வந்தா அது வேற சேனல். முத்தியாலம்மன் கோயில்ல ஊர்வலமாக் கிளம்புற சிரசு, அதாவது அம்மனோட தலை, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் கல்யாண வீடியோக்காரர் தோள்ல கேமராவோட கூட்டத்துல நசுங்கிக்கிட்டே போவார். ராத்திரி அதைப் போடுவாங்க. முட்டி வலியால படி இறங்காத எங்க பாட்டி டிவி முன்னாடி கற்பூரம் ஏத்தும். அம்மனைக் கும்பிட்ட கையோட, "அதோ உங்க சித்தப்பன், சட்டையைப் பாரு"ன்னு கூட்டத்துல ஆள் தேடும். பெரிய சேனல் எதுலயும் சித்தப்பன் வரமாட்டார்.

2017-க்கு அப்புறம் வந்த செட்டாப் பாக்ஸ்தான் லோக்கல் சேனலைக் கொன்னுச்சுன்னு நிறைய பேர் எழுதறாங்க. பாதி உண்மை. சிக்னல் மேலிருந்து பூட்டியே வருது, கேபிள்காரர் தன் மாடியிலிருந்து நடுவுல எதையும் நுழைக்க முடியாது. ஆனா சிரசு வீடியோ அதுக்கும் ரொம்ப முன்னாடியே போயிடுச்சு. மூணு மணி நேரக் கேசட்டு, புதுசு வாங்கக் காசு வேணும், அதனால போன வருஷ சிரசு மேலயே யார் வீட்டுக் கல்யாணத்தையோ ஏத்திட்டாங்க. 1995 கேபிள் டிவி சட்டப்படி தபால் ஆபீஸ்ல பதிஞ்ச சான்றிதழை மட்டும் கேபிள்காரர் கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்கார். சிரசை அழிச்ச கோபம் எனக்கு இன்னும் தீரல.

யூடியூப்ல இருக்கேன்னு சொல்லாதீங்க. நான் தேடறது தொண்ணூறுகள்ல இருந்த தெருவை, அந்த ஓட்டு வீடுகளை.

அந்த வீடியோக்காரர் எடுத்த கல்யாணக் கேசட்டு உங்க பரண்ல இருந்தா போட்டுப் பாருங்க. மேல ஏத்தினது முடியற இடத்துல அடியில இருந்தது அப்படியே இருக்கும். பூசணம் இருந்தா முதல்ல துடைக்கணும். மொய் எழுதறது, பந்தி எல்லாம் முடிஞ்சு திரை புள்ளி புள்ளியா ஆனதும் நிறுத்திடாதீங்க, கொஞ்ச நேரம் ஓடட்டும். பம்பைச் சத்தம் கேட்டா எனக்கு ஒரு போன் பண்ணுங்க.